பழைய பெட்டிக்கு மறு ஆயுள்

செகந்திராபாத் பார்க் லேனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைத்து வந்த கம்ப்யூட்டர் வைத்தியம் ஒன்று, உலகச் சந்தையின் சூட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறது

ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே அந்தப் பெண்மணியின் கையில் ஒரு பெரிய துணிப்பை. உள்ளே, பழைய பெட்ஷீட்டில் சுற்றப்பட்டு, குழந்தையைப் போல பத்திரமாக ஒரு சிபியூ. இடம் செகந்திராபாத் பார்க் லேன். எதிரே சிடிசி என்று ஊரே சுருக்கமாக அழைக்கும் செனாய் டிரேட் சென்டர். சென்னைக்கு ரிச்சி தெரு, டெல்லிக்கு நேரு பிளேஸ், பெங்களூருக்கு எஸ்.பி. ரோடு என்றால் ஹைதராபாத்துக்கு இது. மாடிக்கு மாடி கம்ப்யூட்டர் கடைகள். பெட்டி போன்ற கடைகளுக்குள் தலைக்கு மேல் கேபிள்கள், காலடியில் காலி அட்டைப் பெட்டிகள், கல்லாவுக்குப் பின்னால் ஸ்குரூ டிரைவரும் கையுமாக ஒரு பையன்.

வந்தவர் பத்மராவ் நகரில் குடியிருக்கும் தமிழர். வீட்டிலிருந்தபடியே கல்யாணப் பத்திரிகை, கல்லூரி மாணவர்களின் புராஜெக்ட், கோயில் நோட்டீஸ் என்று டிடிபி வேலை செய்கிறார். மாத வருமானத்தில் பாதிக்கு மேல் அந்தப் பெட்டியிலிருந்துதான் வருகிறது. பதின்மூன்று வருடப் பெட்டி. சில மாதங்களாக அது படுத்துகிறது. பேஜ்மேக்கரைத் திறந்துவிட்டு, வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய திருத்தத்தைப் பார்க்க பிரௌசருக்குப் போனால், திரும்பி வருவதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிடுகிறது. முகூர்த்த மாதம் வருகிறது. புது மெஷின் வாங்க முப்பதாயிரம் ரூபாய் இல்லை. யாரோ சொன்னார்கள், 8 ஜிபி ரேம் போட்டால் பறக்கும் என்று. அதற்காக வந்திருக்கிறார். இது நடந்தது 2025 டிசம்பரில். ரேம் வாங்குவதற்கு இதைவிட மோசமான மாதம் கிடைத்திருக்காது. அதை அப்புறம் பார்ப்போம்.

ரேம் என்னதான் செய்கிறது? கல்யாண சமையலை நினைத்துக்கொள்ளுங்கள். தலைமைச் சமையல்காரர்தான் பிராசஸர். ஸ்டோர் ரூம், ஹார்டு டிஸ்க். ரேம் என்பது அவர் முன்னால் இருக்கும் மேடை. மேடை பெரிதாக இருந்தால் நறுக்கிய காய், அரைத்த மசாலா, வறுத்த பருப்பு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். சின்ன மேடையென்றால் ஒவ்வொன்றையும் எடுத்துப் போய் ஸ்டோர் ரூமில் வைத்துவிட்டு அடுத்ததைத் தூக்கி வரவேண்டும். எவ்வளவு கெட்டிக்காரச் சமையல்காரரானாலும் பந்தி தாமதமாகும். கம்ப்யூட்டரில் இந்த ஓட்டத்தின் விலை இன்னும் கடுமை. ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஆகும் நேரம் ஒரு நொடியில் கோடியில் ஒரு பங்கு அளவில் இருக்கும். சுழலும் ஹார்டு டிஸ்க்கிலிருந்து எடுக்க ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு. வித்தியாசம் சுமார் ஒரு லட்சம் மடங்கு. பழைய கம்ப்யூட்டர் திணறும்போது, டிஸ்க்கின் சிவப்பு விளக்கு விடாமல் சிமிட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். சமையல்காரர் ஸ்டோர் ரூமுக்கு ஓடிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தப் பெண்மணியின் வேலை வளரவே இல்லை. பேஜ்மேக்கரின் கடைசி பதிப்பான 7.0 வெளிவந்தது 2001ல். இன்றும் தமிழ் டிடிபி உலகில் பழைய எழுத்துருக்களோடு அதைக் கட்டிக்கொண்டு அழுபவர்கள் ஏராளம். அந்தக் காலத்து மெஷின்களுக்காக எழுதப்பட்ட அதற்குச் சில நூறு மெகாபைட் இருந்தாலே ராஜபோகம். மேடையை அடைத்துக்கொள்வது அது அல்ல. பக்கத்தில் திறந்து கிடக்கும் பிரௌசர், வைரஸ் தடுப்பு, தானாக வந்து இறங்கும் அப்டேட்கள். வேலை அதேதான். அக்கம்பக்கம்தான் குடிவந்துவிட்டது.

ஹைதராபாத்துக்கு கம்ப்யூட்டர் நினைவகம் புதிய விஷயமல்ல. 1967ல் இங்கே தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனமான இ.சி.ஐ.எல்., எழுபதுகளில் டிடிசி வரிசை கம்ப்யூட்டர்களைத் தயாரித்தது. நகரத்தின் கிழக்கில் ஒரு பேட்டையே இன்றும் அந்தப் பெயரில்தான் அழைக்கப்படுகிறது. அந்தத் தலைமுறை மெஷின்களில் நினைவகம் என்பது மெல்லிய கம்பிகளில் கோத்த குட்டிக் காந்த வளையங்கள். ஒரு வளையத்துக்கு ஒரு பிட். ஐ.பி.எம்.மின் ராபர்ட் டென்னார்டுக்கு 1968ல் காப்புரிமை கிடைத்த யோசனைதான் அதை மாற்றியது: ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி, அதில் ஒரு பிட். மின்தேக்கியில் உள்ள மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும் என்பதால் நொடிக்குப் பல முறை புதுப்பித்துக்கொண்டே இருக்கவேண்டும். மின்சாரம் போனால் எல்லாம் மறந்துபோகும். இன்று விரல் நீள அகலத்தில் கிடைக்கும் ஒரு 8 ஜிபி துண்டில் இப்படிப்பட்ட மின்தேக்கிகள் 6,800 கோடிக்கும் மேல்.

தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களுக்கு ரேம் என்றால் தங்கம். 1995 தொடக்கத்தில் அமெரிக்கச் சந்தையிலேயே ஒரு மெகாபைட் சுமார் 30 டாலர். அந்த ஆகஸ்டில் வெளிவந்த விண்டோஸ் 95, 4 எம்பி போதும் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும் 8 எம்பி இல்லாமல் அசைய மறுத்தது. எட்டு எம்பிக்கு அன்றைய நாணய மாற்றில் ஏழாயிரம் ரூபாய்க்கும் மேல். இந்தியச் சுங்க வரி தனி. 1996 முடிவதற்குள் அதே மெகாபைட் 5 டாலர் அளவுக்கு இறங்கியது. அவசரப்பட்டு வாங்கியவர்கள் வயிறெரிந்தார்கள். 1997ல் உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்தது. 2005க்குள் வரியும் படிப்படியாகக் கரைந்தது.

இந்தப் பண்டத்தின் விலை எப்போதுமே எங்கோ தொலைதூரத்தில்தான் தீர்மானமாகிறது. 1993 ஜூலை 4 அன்று ஜப்பானின் நீஹாமா நகரில் சுமிடோமோ கெமிக்கல் தொழிற்சாலையில் வெடிவிபத்து. சிப்புகளை உறையிட்டு மூடும் ஒருவகைப் பிசினில் உலகத் தேவையின் பெரும்பகுதி அந்த ஒரே ஆலையில் இருந்துதான் வந்துகொண்டிருந்தது. மெமரி விலை ஒரே பாய்ச்சலாக எகிறியது. 1999 செப்டம்பர் 21ல் தைவானில் பூகம்பம். மறுபடியும் அதே கதை. இரண்டு முறையும் சில மாதங்களில் சூடு தணிந்தது.

ஆனால், பார்க் லேனில் வேறொரு சந்தையும் உண்டு. நகரின் மறுகோடியில் 1998 நவம்பரில் சைபர் டவர்ஸ் கட்டடம் திறக்கப்பட்டதிலிருந்து ஹைடெக் சிட்டி வீங்கிக்கொண்டே போகிறது. அங்குள்ள நிறுவனங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கம்ப்யூட்டர்களைக் கழித்துக்கட்டுகின்றன. அவை மொத்தமாக ஏலத்தில் போய், பிரிக்கப்பட்டு, நல்ல பாகங்கள் சிடிசி போன்ற இடங்களின் கண்ணாடி அலமாரிகளுக்கு வந்து சேருகின்றன. அமெரிக்க வங்கிக்காக இரவு ஷிஃப்டில் உழைத்த ஒரு ரேம் துண்டு, பத்மராவ் நகரில் கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்துவிடுகிறது. டிஸ்க், திரை, கீபோர்டு எல்லாம் தேயும். ரேம் மட்டும் லேசில் கெடாது. பழசை நம்பி வாங்கக்கூடிய பாகம் ஒன்று உண்டென்றால் இதுதான். அமீர்பேட்டையில் கோர்ஸ் படிக்க வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் இளைஞர்களும் இந்த அலமாரிகளைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

அவர்களில் தமிழர்களும் கணிசம். சிலர் கையில் தமிழக அரசு கொடுத்த இலவச லேப்டாப். 2011 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்தின் முதல் தவணை மெஷின்களில் 2 ஜிபி ரேம், 320 ஜிபி டிஸ்க். கூடவே விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். இங்கேதான் பொறி. ஸ்டார்ட்டர் பதிப்பு 2 ஜிபிக்கு மேல் ரேமைத் தொடவே தொடாது. மைக்ரோசாஃப்ட் வைத்த வேலி அது. காசு கொடுத்து இன்னொரு துண்டு சொருகினாலும், விண்டோஸை மாற்றாதவரை அது சும்மா உட்கார்ந்திருக்கும். அதே லேப்டாப்பில் லினக்ஸைத் திறந்தால் முழு ரேமும் கண்ணுக்குத் தெரியும்.

இதுபோன்ற வேலிகள் ஒன்றல்ல. டிடிஆர்2, டிடிஆர்3 துண்டுகள் இரண்டுக்கும் 240 கால்கள்தான். ஆனால் நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். அழுத்தினால் போய்விடும் என்று நினைத்து அழுத்துபவர்கள் மதர்போர்டையே இழக்கிறார்கள். டிடிஆர்4க்கு 288 கால்கள். லேப்டாப் துண்டுகளின் கணக்கே தனி. ஒவ்வொரு மதர்போர்டுக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு; ஜி31 சிப்செட் 4 ஜிபியோடு நின்றுவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக 32 பிட் விண்டோஸ். அதற்கு 8 ஜிபி கொடுத்தாலும் மூன்று சொச்சத்துக்கு மேல் பயன்படுத்தத் தெரியாது.

இந்த நிருபரும் ஒருமுறை மாட்டிக்கொண்டவர்தான். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கடையில் 4 ஜிபி டிடிஆர்2 துண்டு அதிசய விலைக்குக் கிடைத்தது. வீட்டுக்கு வந்து மாட்டினால் திரை இருண்டே கிடந்தது. பெட்டி மட்டும் விட்டுவிட்டுக் கத்தியது. ஏஎம்டி மதர்போர்டுகளில் மட்டும் வேலை செய்யும் ரகம் அது என்பதும், இன்டெல் போர்டு அதைத் தீண்டாது என்பதும் பிறகுதான் தெரிந்தது. கடைக்காரர் மாற்றிக்கொடுக்கவில்லை. பில் கேட்காமல் வாங்கியது யார் குற்றம்?

இன்னொரு பக்கம், வாங்கவே தேவையில்லாமல் போவதும் உண்டு. கம்ப்யூட்டர் திடீரென்று பாதி ரேமை மட்டும் காட்டினாலோ, உயிர்பெறாமல் கத்தினாலோ அனுபவசாலியான மெக்கானிக் முதலில் தேடுவது பென்சில் ரப்பர். மின்சாரத்தைத் துண்டித்து, துண்டைக் கழற்றி, அதன் பொன்னிறக் கால்களை ரப்பரால் லேசாகத் தேய்த்து, துடைத்துத் திரும்ப மாட்டினால் பாதி நோய் பறந்துவிடும். தூசியும் ஈரமும் படிந்த இணைப்புதான் காரணமாக இருக்கும். இந்தியா முழுவதும் நடக்கும் சிகிச்சை இது. மாட்டுவதற்கு முன் பெட்டியின் உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுக்கொள்வது நல்லது. தக்காணத்தின் வறண்ட கோடையில் விரல் நுனியில் சேரும் நிலைமின்சாரம் நமக்குத் தெரியாமலே சிப்பைக் கொன்றுவிடும்.

இப்போது அந்த டிசம்பருக்கு வருவோம். 2025ன் கடைசி மாதங்களில் ரேம் விலை உலகெங்கும் இரண்டு மடங்கைத் தாண்டியது. சில ரகங்கள் அதற்கும் மேலே போயின. இந்த முறை காரணம் தீ விபத்தோ பூகம்பமோ அல்ல. செயற்கை நுண்ணறிவு. அதற்கான ராட்சத டேட்டா சென்டர்களுக்கு எச்பிஎம் எனப்படும் அடுக்கு மெமரி தேவை. ஒரு ஜிபி எச்பிஎம் செய்யும் சிலிக்கானில் சாதாரண ரேம் ஏறக்குறைய மூன்று ஜிபி செய்துவிடலாம். ஆனால் லாபம் எச்பிஎம்மில். உலக ரேம் உற்பத்தியில் தொண்ணூறு சதவிகிதத்துக்கு மேல் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே கைகளில் இருப்பதால், மூவரும் திரும்பும் திசையில் சந்தையும் திரும்புகிறது. 2025 அக்டோபரில் ஓப்பன்ஏஐ நிறுவனம் தன் திட்டத்துக்காக இரு கொரிய நிறுவனங்களோடும் செய்துகொண்ட உடன்பாட்டில் பேசப்பட்ட இலக்கு, மாதத்துக்கு 9 லட்சம் சிலிக்கான் தகடுகள்.

பழைய மெஷின்காரர்களுக்கு இதில் இரட்டை அடி. டிடிஆர்4 ரகத்தை மெல்ல மெல்ல நிறுத்தப்போவதாகப் பெரிய தயாரிப்பாளர்கள் 2025லேயே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அந்த அறிவிப்பே அதன் விலையைக் கிளப்பிவிட்டது. அதற்கு மேல் வந்தது டேட்டா சென்டர் புயல். புதுத்துண்டு எட்டாக்கனியானதும் கூட்டம் பழைய அலமாரிகளை நோக்கித் திரும்புகிறது. அங்கேயும் விலை சும்மா இருக்குமா?

ஹைதராபாத்துக்கு இது கொஞ்சம் கூடுதலாகக் கசக்கவேண்டும். மூன்று கைகளில் ஒன்றான மைக்ரான், 2019ல் தன் பெரிய வளர்ச்சி மையம் ஒன்றை இந்த நகரத்தில் திறந்தது. மெமரி சிப்புகளின் வடிவமைப்பில் இங்குள்ள இன்ஜினீயர்களுக்குப் பங்கு உண்டு. அதே மைக்ரான் 2025 டிசம்பர் 3 அன்று, சாதாரண வாடிக்கையாளர்களுக்கு குரூஷியல் என்ற பெயரில் ரேம் விற்கும் தொழிலிலிருந்தே விலகுவதாக அறிவித்தது. 2026 பிப்ரவரி இறுதிவரை மட்டுமே சரக்கு வரும் என்றது. வீட்டில் தாங்களே ரேம் மாட்டிக்கொள்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிய பெயர்களில் அதுவும் ஒன்று. குஜராத்தின் சானந்தில் மைக்ரானின் ஆலை இருக்கிறதே என்று கேட்கலாம். 2023ல் அறிவிக்கப்பட்ட அது, வெளிநாட்டில் தயாரான தகடுகளை வெட்டி, உறையிட்டு, சோதிக்கும் ஆலை. எதை, யாருக்காகச் செய்வது என்ற முடிவு அங்கே எடுக்கப்படுவதில்லை.

போதாக்குறைக்கு விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. பாதுகாப்பு அப்டேட்களை மட்டும் வீட்டு உபயோகக்காரர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்தது. விண்டோஸ் 11க்கு 4 ஜிபி ரேம் போதும் என்கிறார்கள். ஆனால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், 2017 கடைசி வாக்கில் வந்த தலைமுறை முதல் உள்ள பிராசஸரும் வேண்டும். ரேமைக் கூட்டலாம், பிறந்த வருடத்தைக் கூட்ட முடியுமா? லினக்ஸுக்கு மாறுங்கள் என்று சொல்வது சுலபம். தெலுங்கில் இயங்கும் லினக்ஸை உருவாக்கிய ஸ்வேச்சா என்ற கட்டற்ற மென்பொருள் இயக்கமே இந்த நகரத்தில் இருக்கிறது. மாணவனுக்கு அது நல்ல யோசனை. பேஜ்மேக்கரில் பதினைந்து வருடக் கோப்புகள் வைத்திருப்பவருக்கு அல்ல.

சிடிசியின் அந்தக் கடையில் பையன் பெட்டியைத் திறந்தான். ஊதினான். ஒரு கைப்பிடித் தூசி. எச்61 மதர்போர்டு; இரண்டு இடங்களில் ஒன்றில் 2 ஜிபி டிடிஆர்3, மற்றது காலி. திரையை இணைத்து, விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்று பார்த்தான். 32. பெண்மணி 8 ஜிபி கேட்டார். வேண்டாம் என்றார் கல்லாவில் இருந்தவர். 8 ஜிபி போட்டால் அதைப் பயன்படுத்த விண்டோஸையே அழித்து 64 பிட் போடவேண்டும். பழைய எழுத்துருக்கள், பிரிண்டர் எல்லாவற்றையும் மறுபடி ஏற்றவேண்டும். முகூர்த்த மாதத்தில் அந்த வம்பு எதற்கு என்பது அவர் வாதம். இன்னொரு 2 ஜிபி மட்டும் போடுங்கள். மொத்தம் நாலு, விண்டோஸ் மூன்றுக்கு மேல் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். வியாபாரியின் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை அபூர்வம்தான். டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் இதைவிட வித்தியாசம் தெரியும் என்றும் சேர்த்துக்கொண்டார். அதன் விலையும் ஏறியிருப்பதைக் கேட்டதும் பெண்மணி அந்தப் பேச்சைத் தொடரவில்லை.

டிராயரிலிருந்து வந்த துண்டில் ஏதோ ஒரு கம்பெனியின் சொத்து எண் ஒட்டியிருந்த தடம் இன்னும் இருந்தது. ரப்பரால் தேய்த்து, வெட்டைப் பார்த்துப் பொருத்தி அழுத்தினான். இரு பக்கமும் டக், டக். பெட்டியை உயிர்ப்பித்ததும் பேஜ்மேக்கரையும் பிரௌசரையும் மாறிமாறித் திறந்து காட்டினான். பறக்கவில்லை. ஆனால் சிவப்பு விளக்கு சிமிட்டுவதை நிறுத்தியிருந்தது.

அவர் பில் கேட்டு வாங்கி, ஒரு மாத உத்தரவாதம் என்று அதிலேயே எழுதச் சொன்னார். அந்தச் சின்னத் துண்டுக்கு, அதே கடையில் அதே கோடையில் தன் தம்பி கொடுத்ததைவிட ஏன் அதிகம் என்று கேட்டபோது, கல்லாக்காரர் தினமும் பல முறை சொல்லி அலுத்த குரலில் ஆரம்பித்தார். ஏ.ஐ. என்று ஒன்று வந்திருக்கிறது, அம்மா.